மண்ணில் புதைந்த படை! கல்லில் எழுதிய புத்தகம்!

தண்ணீருக்காகத் தோண்டினார்கள். தண்ணீர் வரவில்லை. ஒரு தலை வந்தது!

மனிதத் தலை அல்ல. களிமண்ணால் செய்து, சூளையில் சுட்ட தலை. கண், மூக்கு, மீசை, வாரி முடிந்த கொண்டை எல்லாம் இருந்தன.

1974-ம் ஆண்டு மார்ச் மாதம் அது. சீனாவில் லிண்டோங் என்ற வட்டாரத்தில் மழை பொய்த்து விட்டது. விவசாயிகள் சிலர் சேர்ந்து கிணறு வெட்டினார்கள். மண்வெட்டியில் ஓட்டுத் துண்டுகள் தட்டுப்பட்டன. வெண்கல அம்பு முனைகள் கிடைத்தன. மண் சிலையின் தலையும் வந்தது.

"இது ஏதோ சாமி சிலை" என்று சிலர் நினைத்தார்கள். செய்தி அதிகாரிகளின் காதுக்குப் போயிற்று. ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள். தோண்டத் தோண்டச் சிலைகள். வரிசை வரிசையாகச் சிலைகள். பூமிக்கு அடியில் ஒரு படையே நின்றது!

அந்தப் படையைப் பார்க்கத்தான் இன்று உலகம் முழுவதிலும் இருந்து மக்கள் சியான் நகரத்துக்குப் போகிறார்கள்.

கொடியின் பின்னால் கூட்டம்

சியான், ஷென்சி மாகாணத்தின் தலைநகரம். ஒரு கோடிப் பேருக்கு மேல் வசிக்கும் ஊர். பழைய பெயர் சாங்கான். "நீண்ட அமைதி" என்று பொருள். பல அரச வம்சங்களுக்கு இதுவே தலைநகரமாக இருந்தது. பட்டு வாணிபம் நடந்த பெருவழி இங்கேதான் தொடங்கியது. ஒட்டகங்கள் பட்டை ஏற்றிக்கொண்டு மேற்கே போயின. கண்ணாடியும் வாசனைப் பொருள்களும் இங்கே வந்தன.

சீனாவுக்குப் போகும் உல்லாசப் பயணிகள் பலரும் முதலில் பெய்ஜிங் நகரில் இறங்குகிறார்கள். சீனப் பெருஞ்சுவரைப் பார்க்கிறார்கள். பிறகு அதிவேக ரெயில் ஏறுகிறார்கள். சியான் ஏறக்குறைய 1,200 கிலோ மீட்டர் தூரம். ஐந்து மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் ரெயில்களும் உண்டு!

கூட்டமாகப் போகிறவர்களுக்குக் கவலை இல்லை. டிக்கெட், ஓட்டல், சாப்பாடு, பஸ் எல்லாவற்றையும் கம்பெனிக்காரர்கள் பார்த்துக் கொள்வார்கள். வழிகாட்டி சின்னக் கொடி ஒன்றை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னே நடப்பார். கொடி போகும் பக்கம் கூட்டம் போகும். கொடி நின்றால் கூட்டம் நிற்கும். ஆளுக்கு ஒரு கருவி கொடுத்து விடுவார்கள். அதைக் காதில் மாட்டிக் கொண்டால், எத்தனை சந்தடியிலும் வழிகாட்டியின் பேச்சு கேட்கும்.

பெரும்பாலும் இரண்டு நாள் திட்டம். முதல் நாள் மண் படை. இரண்டாம் நாள் நகரம்.

பிரமிக்க வைக்கும் பள்ளம்

காலையில் பஸ் கிழக்கே புறப்படுகிறது. ஒரு மணி நேரப் பயணம். வழியில் மாதுளைத் தோட்டங்கள். லிண்டோங் மாதுளை சீனாவில் பேர் போனது.

முதல் பள்ளத்துக்குள் நுழைந்ததுமே பேச்சு அடங்கி விடுகிறது. பெரிய ரெயில் நிலையம் போல மேலே வளைந்த கூரை. கீழே பள்ளம். நீளம் 230 மீட்டர். அகலம் 62 மீட்டர். அதற்குள் வரிசையாக நிற்கிறார்கள் மண் வீரர்கள். சிலர் கவசம் போட்டவர்கள். சிலர் போடாதவர்கள். பெரும்பாலோர் கிழக்கே பார்க்கிறார்கள். உயரமும் ஏறக்குறைய ஆள் உயரம். சிலர் ஆறு அடியையும் தாண்டியவர்கள்!

உற்றுப் பார்த்தால் இன்னோர் அதிசயம். ஒருவர் முகம் போல இன்னொருவர் முகம் இல்லை. ஒருவர் சிரிக்கிறார். ஒருவர் முறைக்கிறார். ஒருவர் வீட்டை நினைத்துக் கவலைப்படுவது போல நிற்கிறார்.

இப்படி மூன்று பள்ளங்கள். மொத்தம் 8 ஆயிரம் வீரர்கள் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பாதிக்கு மேல் இன்னும் வெளியே எடுக்கப்படவில்லை. ஏன்?

வர்ணம்தான் காரணம். இந்தச் சிலைகள் முதலில் இப்படிச் சாம்பல் நிறமாக இருக்கவில்லை. சிவப்பு, பச்சை, நீலம், ஊதா என்று வர்ணம் பூசியிருந்தார்கள். மண்ணை விட்டு வெளியே எடுத்ததும் ஈரம் காய்கிறது. சில நிமிஷங்களிலேயே வர்ணம் சுருண்டு உதிர்ந்து விடுகிறது. இரண்டாயிரம் ஆண்டு தாங்கிய நிறம், கண் எதிரே போய் விடுகிறது! அதைக் காப்பாற்றும் வழிகளைக் கற்றுக் கொண்டு, மெதுவாகத் தோண்டுகிறார்கள்.

நிற்கும் சிலைகளில் பெரும்பாலானவை உடைந்து கிடந்தவை. துண்டு துண்டாகப் பொறுக்கி ஒட்டியவை. பள்ளத்தின் ஓரத்தில் அந்த வேலை இன்றும் நடக்கிறது.

வெண்கல ஆயுதங்களும் ஏராளமாகக் கிடைத்தன. அம்பு முனைகளையும் சேர்த்தால் 40 ஆயிரத்துக்கு மேல். சில வாள்கள் இன்னும் பளபளக்கின்றன. "குரோமியம் பூசித் துரு பிடிக்காமல் செய்தார்கள்" என்று வெகு காலம் சொல்லி வந்தார்கள். அது சரியல்ல என்று 2019-ல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. அந்தக் குரோமியம் பக்கத்தில் இருந்த அரக்குப் பூச்சில் இருந்து வந்தது. வாளைக் காத்தது அந்த இடத்து மண்ணும், வெண்கலக் கலவையும்தான்.

சாகப் பயந்த சக்கரவர்த்தி

யாருக்காக இத்தனை படை?

சின் ஷி ஹுவாங் என்ற சக்கரவர்த்திக்காக. 13 வயதில் பட்டத்துக்கு வந்தவர். ஒன்றோடு ஒன்று சண்டையிட்டுக் கொண்டிருந்த நாடுகளை எல்லாம் வென்றார். கி. மு. 221-ல் சீனாவை ஒரே நாடாக்கினார். நாடு முழுவதும் ஒரே எழுத்து, ஒரே எடைக்கல், ஒரே நாணயம் என்று சட்டம் போட்டார். வண்டிச் சக்கரங்களின் இடைவெளி கூட ஒன்றாக இருக்க வேண்டும் என்றார்.

எல்லோரையும் வென்றவர், சாவுக்கு மட்டும் பயந்தார். சாகாத மருந்து தேடக் கடலுக்கு ஆட்களை அனுப்பினார். மருந்து கிடைக்கவில்லை. கி. மு. 210-ல் நாட்டைச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் இறந்து போனார். மந்திரி அதை மறைத்தார். சக்கரவர்த்தியின் வண்டி ஒன்றும் நடக்காதது போல ஊர் திரும்பியது. வெயில் காலம். நாற்றம் தெரியாமல் இருக்க, கருவாட்டு வண்டியைக் கூடவே ஓட்டி வந்தார்களாம்!

இதை எழுதி வைத்தவர் சுமா சியன் என்ற சரித்திர ஆசிரியர். அடுத்த நூற்றாண்டில் பிறந்தவர். சமாதி கட்ட 7 லட்சம் பேரை வேலை வாங்கினார்கள் என்கிறார். உள்ளே பாதரசத்தால் ஆறும் கடலும் அமைத்தார்கள் என்கிறார். பிள்ளை பெறாத அந்தப்புரப் பெண்களை அவரோடு சேர்த்துப் புதைத்தார்கள். ரகசியம் வெளியே போகக் கூடாது என்று, உள்ளே வேலை செய்தவர்களையும் வைத்துக் கதவை மூடி விட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

ஆனால் மண் படையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கூட எழுதவில்லை. கிணறு வெட்டிய நாள் வரை யாருக்கும் அது தெரியாது.

சமாதி, படை நிற்கும் இடத்துக்கு மேற்கே, மண் குன்று போல இருக்கிறது. அதை இன்னும் யாரும் திறக்கவில்லை. மேலே உள்ள மண்ணைச் சோதித்தார்கள். பாதரசம் வழக்கத்துக்கு மேல் இருந்தது!

பெயர் போட்ட சிலைகள்

சிலைகளின் உடம்பில் சில இடங்களில் சின்ன எழுத்துகள் இருக்கின்றன. அவை செய்தவர்களின் பெயர்கள். 80-க்கு மேற்பட்ட பெயர்கள் கிடைத்துள்ளன.

பெருமைக்காகப் பெயர் போடவில்லை. வேலையில் குறை இருந்தால் யார் என்று பிடிப்பதற்காகப் போட்டார்கள். தண்டிப்பதற்காகப் பொறித்த பெயர், இன்று புகழாக நிற்கிறது.

சமாதிக்கு அருகே உழைப்பாளிகளின் புதைகுழிகளும் கிடைத்தன. சில உடல்களோடு உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்று. அதில் பெயர், ஊர், செய்த குற்றத்துக்கான தண்டனை எல்லாம் கீறியிருந்தன. தூரத்து ஊர்களில் இருந்து கைதிகளாகக் கொண்டு வரப்பட்டவர்கள் அவர்கள். திரும்பிப் போகவில்லை.

சக்கரவர்த்தி தம் வம்சம் பத்தாயிரம் தலைமுறை ஆளும் என்றார். அவர் செத்த நான்கே ஆண்டுகளில், கி. மு. 206-ல், அரசு அழிந்தது. கலகக்காரர்கள் சமாதிப் பக்கம் வந்தார்கள். ஆயுதங்களை எடுத்துக் கொண்டு நெருப்பு வைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. பள்ளத்தில் எரிந்த அடையாளத்தை இன்றும் காணலாம். 8 ஆயிரம் மண் வீரர்களால் ஒருவரையும் தடுக்க முடியவில்லை!

கிணறு வெட்டியவர்கள் என்ன ஆனார்கள்? 1979-ல் பொருட்காட்சி சாலை திறக்கப்பட்டது. கிராமத்தாரின் நிலத்தைச் சர்க்கார் எடுத்துக் கொண்டது. வீடுகளை விட்டு வேறு இடம் போனார்கள். கிணறு வெட்டியவர்களில் சிலர், பிற்காலத்தில் அங்கே உள்ள கடைகளில் உட்கார்ந்து, பயணிகள் வாங்கும் புத்தகங்களில் கையெழுத்துப் போட்டார்கள்.

கடைக்குப் போகும் பஸ்

திரும்பும் வழியில் பஸ் எங்கேயாவது நிற்கும். மண் பொம்மை செய்யும் தொழிற்சாலை, பட்டுக் கடை, பச்சைக்கல் கடை! வேலையைப் பார்க்கலாம் என்று அழைப்பார்கள். பார்த்து முடித்ததும் வெளியே போகும் வழி கடைக்குள்ளேதான் போகும்.

சீன சர்க்கார் இதற்கு ஒரு சட்டம் போட்டிருக்கிறது. 2013 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளது. அடிமாட்டு விலைக்கு ஆட்களைச் சேர்த்து, கடைக்கு இழுத்துப் போய்க் கமிஷன் அடிப்பது குற்றம். வாங்கித்தான் ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. விருப்பம் இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் காலாற உட்காரலாம்.

கோட்டை மேல் சைக்கிள்

இரண்டாம் நாள் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்.

ஊரின் நடுப்பகுதியைச் சுற்றி ஒரு கோட்டைச் சுவர். மிங் வம்சத்தார் 1370-ம் ஆண்டு முதல் கட்டியது. சுற்றளவு 13 கிலோ மீட்டருக்கு மேல். உயரம் 12 மீட்டர். சுவரின் மேல் பகுதி, ரோடு போல அகலம். அங்கே வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கிறது! அப்பா முன்னால், பையன் பின்னால் என்று இருவர் மிதிக்கும் சைக்கிளும் உண்டு. ஒரு பக்கம் பழைய தெருக்கள். மறுபக்கம் வானளாவும் கட்டிடங்கள். முழுதும் சுற்ற ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். கொடி பிடித்தவர் கொடுக்கும் நேரத்தில் பாதிச் சுற்றுத்தான் முடியும்.

ஊர் நடுவில் மணிக்கூண்டு. 1384-ல் கட்டினார்கள். ஊர் வளர்ந்தது. நடு இடம் மாறி விட்டது. 1582-ல் கோபுரத்தைப் பிரித்து, இப்போது உள்ள இடத்தில் திரும்பக் கட்டினார்கள்!

பக்கத்தில் முரசுக் கோபுரம். அதன் பின்னால் முஸ்லிம் மக்கள் வாழும் தெருக்கள். பட்டு வாணிபத்துக்கு வந்தவர்களின் வழி வந்தவர்கள் இங்கே பலர். அவர்களின் பெரிய பள்ளிவாசலில் குவிமாடம் இல்லை. உயர்ந்த மினாராவும் இல்லை. சீனக் கோயில் போல ஓட்டுக் கூரையும், முற்றம் முற்றமாகத் தோட்டமும் இருக்கின்றன.

இந்தத் தெருவில் சாப்பிடாமல் போகக் கூடாது. ஆளுக்கு ஒரு கிண்ணமும் கெட்டி ரொட்டியும் தருவார்கள். ரொட்டியை நீங்களே சுண்டைக்காய் அளவுக்குப் பிய்த்துப் போட வேண்டும். பிறகு கிண்ணத்தை வாங்கிப் போய், கொதிக்கும் ஆட்டுக்கறிச் சாற்றில் சேர்த்துக் கொண்டு வருவார்கள். நம் ஊரில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றுவது போலத்தான்! சைவச் சாப்பாட்டுக்காரர்கள் முன்னதாகவே வழிகாட்டியிடம் சொல்லி விடுவது நல்லது.

காஞ்சிக்கு வந்தவர் கட்டிய கோபுரம்

ஊரின் தெற்கே ஒரு செங்கல் கோபுரம். ஏழு அடுக்கு. 64 மீட்டர் உயரம். சற்றே சாய்ந்து நிற்கிறது. பெயர் பெரிய காட்டு வாத்துக் கோபுரம். எதிரே ஒரு துறவியின் சிலை. கையில் தடி.

அவரை நமக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்த யுவான் சுவாங்தான் அவர்!

புத்தமத நூல்களின் மூலத்தைத் தேடி அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டார். அப்போது நாட்டை விட்டு வெளியே போகத் தடை இருந்தது. அரசரின் அனுமதி இல்லாமல் 629-ம் ஆண்டு வாக்கில் கிளம்பி விட்டார். பாலைவனம், பனி மலை எல்லாம் தாண்டினார். நாலந்தாவில் படித்தார். பிறகு தெற்கே நடந்தார். 640-ம் ஆண்டு வாக்கில், பல்லவர் ஆட்சியில் இருந்த காஞ்சிபுரத்துக்கு வந்தார். அங்குள்ள மக்கள் தைரியசாலிகள், நேர்மையானவர்கள், கல்வியை மதிப்பவர்கள் என்று எழுதி வைத்தார். அங்கிருந்து இலங்கைக்குப் போக எண்ணினார். அங்கே குழப்பமும் பஞ்சமும் என்று கேள்விப்பட்டுத் திரும்பினார்.

645-ல் சாங்கானுக்கு வந்து சேர்ந்தார். கொண்டு வந்தது பொன் அல்ல, பொருள் அல்ல. 657 நூல்கள்! இருபது குதிரைகள் சுமந்து வந்தன. சக்கரவர்த்தி பெரிய பதவி தருகிறேன் என்றார். யுவான் சுவாங் வேண்டாம் என்று விட்டார். உட்கார்ந்து மொழி பெயர்த்தார். 664-ல் சாகும் வரை அதே வேலை.

நூல்கள் தீயில் போகாமல், ஈரத்தில் நனையாமல் இருக்க ஓர் இடம் வேண்டும் என்று கேட்டார். 652-ல் கோபுரம் எழுந்தது. பிறகு 701-ம் ஆண்டு முதல் அதைத் திருத்தி உயர்த்திக் கட்டினார்கள். 1556-ல் இந்த மாகாணத்தில் பெரும் பூகம்பம். 8 லட்சம் பேருக்கு மேல் மாண்டதாகச் சீனச் சரித்திரம் சொல்கிறது. கோபுரம் தப்பியது.

கல்லில் ஒரு நூலகம்

தெற்குக் கோட்டை வாசலுக்கு அருகே இன்னோர் இடம் இருக்கிறது. பெயர் கல்வெட்டுக் காடு. 1087-ல் தொடங்கியது. பல கம்பெனிகளின் திட்டத்தில் இந்த இடம் இருப்பதில்லை.

உள்ளே போனால் மரங்கள் போலக் கற்கள். ஆளை விட உயரமான கற்பலகைகள். அவற்றில் 114 கற்கள் மட்டும் தனி வரிசை. இருபுறமும் எழுத்து. மொத்தம் 6 லட்சத்து 50 ஆயிரம் எழுத்துகள்! சீனர்களின் பழம் பெரும் நூல்கள் பன்னிரண்டை அப்படியே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 837-ல் முடித்த வேலை. கையால் எழுதும்போது பிழை வரும். ஏடு கிழியும். எரியும். கல்லில் இருந்தால்? படிக்கிறவன் வந்து ஒப்பிட்டுப் பார்த்துக் கொள்ளலாம்.

எரியும் என்ற பயம் ஏன் வந்தது? கி. மு. 213-ல் ஒரு சக்கரவர்த்தி பழைய நூல்களைக் கொளுத்தச் சொன்னார். மருத்துவம், ஜோசியம், விவசாயம் பற்றிய நூல்களை மட்டும் விட்டு வைத்தார். பழைய கதை பேசி ஜனங்கள் தம் ஆட்சியைக் குறை சொல்லக் கூடாது என்பது அவர் எண்ணம்.

அந்தச் சக்கரவர்த்தி யார் தெரியுமா? மண் படை செய்து வைத்த அதே சின் ஷி ஹுவாங்தான்!

அவர் எரிக்கச் சொன்ன நூல்களில் சில, ஆயிரம் ஆண்டு கழித்து அவர் ஆண்ட மண்ணிலேயே கல்லாக எழுந்து நின்றன. இன்றும் நிற்கின்றன. எழுத்துத் தெரிந்த சீனப் பிள்ளைகள் அந்தக் கற்களின் முன்னால் நின்று, சில வரிகளை வாய் விட்டுப் படிக்கிறார்கள்.

மண் படையை அவசியம் பார்க்க வேண்டும். அது போன்ற காட்சி உலகில் வேறு இல்லை. ஆனால் படைக்கு அரை நாள் ஒதுக்கும் கூட்டம், புத்தகத்துக்கு நேரம் இல்லை என்று பஸ் ஏறி விடுகிறது. சியானை முழுதும் பார்க்க வேண்டுமானால் இரண்டையும் பார்க்க வேண்டும். ஒன்று, ஒருவருக்காக லட்சம் பேர் உழைத்தது. மற்றது, எல்லோரும் படிப்பதற்காகச் செய்தது.

ஆகவே, பணம் கட்டும் முன்பே கம்பெனிக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டு விடுங்கள்: "கல்வெட்டுக் காட்டுக்கு ஒரு மணி நேரம் உண்டா?"